முதல் ரப்பர் கன்று கர்த்தருக்கு

கோயில்பிள்ளை ஒரு கையில் பூசணிக்காயும் மறு கையில் என் ரப்பர் கன்றுமாக நின்றுகொண்டிருந்தார். எதை முதலில் ஏலம் விடுவது என்று ஐயரைப் பார்த்தார். ஐயர் பூசணிக்காயைக் காட்டினார். எனக்கு மூச்சுவிட இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்தது.

அன்று அறுப்பின் பண்டிகை. விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் என் அக்காவின் ஊர். அங்கே குருவானவரை ஐயர் என்போம். கோயில் வேலைகளைப் பார்ப்பவர் கோயில்பிள்ளை. பண்டிகையன்று அவரவர் விளைச்சலில் முதலாவதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே ஏலம். வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல், எல்லாம் வரிசையில் நிற்கும். சேவல் மட்டும் ஜெபத்தின்போதும் பேசும்.

அந்த வரிசையில் ஒரு கறுப்புப் பாலிதீன் பையில் என் கன்று. முழங்கால் உயரம்கூட இல்லை. இலைகள் மூன்று மூன்றாக, மொத்தம் ஒன்பது. நான் வெட்டி நட்ட நூற்று முப்பத்தாறு போத்துக் கம்புகளில் வேர்விட்டது இது ஒன்றுதான். அந்த ஒன்றும் இப்போது கர்த்தருடையது.

"ஏலே பாலு, கையத் தூக்குனே, ஒடிச்சிருவேன்" என்றாள் பக்கத்தில் நின்ற எஸ்தர் அக்கா, பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு. "குடுத்தத நாமளே திரும்ப வாங்குனா அது காணிக்கையா, கண்ணாமூச்சியா?"

மகனோடு ஒரு பேச்சு

எஸ்தர் அக்கா முப்பது வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் தவறிய பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் சரிவு. சில வருடங்களாக அதில் கோரைப்புல்லும் பக்கத்து வீட்டு ஆடுகளும்தான்.

அவள் மகன் சாமுவேல் சென்னையில் இருக்கிறான். நல்ல பையன். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவான். தவறாமல் ஒரே விஷயத்தைச் சொல்வான்: வீட்டையும் சரிவையும் விற்றுவிட்டுத் தாம்பரத்தில் அவன் பிளாட்டுக்கு வந்துவிட வேண்டும். பத்தாவது மாடி. லிஃப்ட் உண்டு.

"பத்தாவது மாடியில நான் யாருக்குலே ஊசி போட? காக்காய்க்கா?" என்பாள் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் பேச்சு முற்றிவிட்டது. கடைசியில் அவன் ஒரு நிபந்தனைக்கு வந்தான். அடுத்த வருடம் சாரல் பருவம் முடிவதற்குள் அந்தச் சரிவில் ஏதாவது உருப்படியாக நட்டு, அது பிழைத்து நின்றால், அவன் விற்கிற பேச்சையே எடுக்க மாட்டான். இல்லையென்றால் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டும்.

"சரிலே" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ரப்பர் வைக்கப் போறேன்."

வாழை வைக்கலாமே என்றேன். ஆற்றோரம் முழுக்க வாழைதான், தெரியாத பயிரும் இல்லை. அவள் மோரை எடுத்து நீட்டினாள். எங்கள் குடும்பத்தில் மோரை நீட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மைதீன் பாயின் மரம்

எங்கள் பக்கம் ரப்பர் என்றால், ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த கன்னியாகுமரிக்காரர்கள் சிரிப்பார்கள். அக்கா வீட்டுக்கு இரண்டு தோட்டம் தள்ளி மைதீன் பாய்க்கு நாற்பது ஐம்பது ரப்பர் மரங்கள் உண்டு. அவர் மாமனார் யார் பேச்சையோ கேட்டு வைத்தது. பெரும்பாலானவை சும்மா நிழல் தரும். ஆனால் கிணற்றோரம் நிற்கிற ஒரு மரம் மட்டும், பட்டையில் கத்தி வைத்தால் பால் சிரட்டை நிரம்பி வழியும்.

"அது மரமில்ல, பால்மாடு" என்பார் மைதீன் பாய். "கன்னு போடாத மாடு, அதுதான் குறை."

அதன் விதையை முளைக்க வைத்தால் பிள்ளை அப்பனைப்போல் இருக்காது. அதனால்தான் உலகம் முழுக்க ஒட்டுக் கட்டுகிறார்கள்: ஏதோ ஒரு நாற்றின் தண்டில் நல்ல மரத்தின் கண்ணை எடுத்து வைத்துக் கட்டுவது. நாற்றங்காலில் கேட்டிருந்தால் சரிவு நிறைய ஒட்டுக்கன்று ஒரே நாளில் வந்து இறங்கியிருக்கும். அதைக் கெடுத்தவன் நான்.

முருங்கை, பூவரசு போல ரப்பரையும் கம்பு வெட்டி, போத்தாக வைத்து வேர்விட வைக்கலாம், அப்படி வந்தால் அடிமுதல் நுனிவரை அது அதே மரம்தான் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததை அக்காவிடம் சொன்னேன். அதே பக்கத்தில் 'மிகவும் கடினம்' என்றும் போட்டிருந்தது. அதைச் சொல்லவில்லை.

"ஒட்டுன்னா அடியில ஒருத்தன், மேல ஒருத்தன். எனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா. "பாய் மரமே வேணும். போத்து வைப்போம்."

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். வயது ஐம்பத்துமூன்று. பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நாளுக்கு ஒரு பக்கம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று இருக்கும். என் கல்யாண நாளுக்கும் ஒரே பக்கம்தான். அதில் பாதி, சாம்பாரில் உப்புக் குறைந்தது பற்றி. என் மனைவி அந்தப் பக்கத்தை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவனிடம் ஒரு மரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? நூற்று முப்பத்தாறு அலுமினியத் தகடுகளில் எண் பொறித்தேன். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எட்டு வரிசை, வரிசைக்குப் பதினேழு. தேங்காய் பறிக்கிறவரை மரத்தின் உச்சிக்கு ஏற்றி, வெயில் படுகிற கொழுத்த கிளைகளாகப் பார்த்து வெட்டச் சொன்னேன். வெட்டுவாயில் வழிந்த பால் என் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அந்தச் சட்டை இப்போது கறுப்புப் புள்ளிச் சட்டை. மூன்று சோப்பு முயற்சி செய்து பார்த்துவிட்டோம்.

எண்பத்தொன்றாம் படுக்கை

பச்சை வலைப் பந்தலுக்குள் மணல் பெட்டி. அடிநுனியில் வேர்விட வைக்கிற பொடி தொட்டு நட்டோம். சனிக்கிழமை மத்தியானம் பாபநாசம் பஸ்ஸில் ஏறினால் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவேன். மற்ற நாட்களுக்கு அக்கா பொறுப்பு.

நர்சு கையில் போத்து கிடைத்தால் அது போத்தாக இருக்காது. அவள் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தாள். சலவைக் கடையில் துணிக்குத் தெளிக்கிற பாட்டிலை வாங்கி மணிக்கு ஒருமுறை நீர் தெளித்தாள். காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் போனாள். பட்டுப்போனதைப் பிடுங்கி எறிந்துவிட்டு எனக்குப் போன் செய்வாள்.

"இன்னைக்கு ஏழு டிஸ்சார்ஜ். எழுதிக்கோ. பதினொண்ணு, பதினாலு, முப்பது..."

ரப்பருக்கென்றே போட்ட தனி நோட்டில் எழுதிக்கொண்டேன். இலை உதிர்ந்தது, தண்டு கறுத்தது, அடியில் பூஞ்சணம். பந்தலுக்குள் நுழைந்தால் நனைந்த சாக்கும் அழுகின உருளைக்கிழங்கும் சேர்ந்த ஒரு வாடை. ஆறாவது வாரம் எண்பது பேர் போய்விட்டார்கள். மைதீன் பாய் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"நர்சம்மா, ஆசுபத்திரியில இருந்தப்பவும் இப்படித்தானா?"

அன்றைக்குத்தான் அக்கா பொருத்தனை செய்தாள். முதலில் வேர்விடுகிற கன்று அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலுக்கு. என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'முதல்' என்கிற இடத்தில் 'பத்தாவது' என்று திருத்தியிருப்பேன்.

எண்பத்தொன்றாம் எண் துளிர்விட்டது. மெல்லக் கிளறிப் பார்த்தோம். அடியில் நான்கு வெள்ளை வேர், இடியாப்ப நூல் அளவு. அக்கா முழங்கால்போட்டு அழுதாள். அடுத்த மாதத்துக்குள் மற்ற நூற்று முப்பத்தைந்தும் போய்ச் சேர்ந்தன.

முதல் கன்றே கடைசிக் கன்றும் ஆனது. "சாமிக்கு இது தெரியும்க்கா, ஒரு வருஷம் பொறுத்துக் குடுத்தா ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவரு சொல்லமாட்டாரு. நான் சொல்லுவேன்" என்றாள். அதனால்தான் அது கோயில்பிள்ளை கையில் இருந்தது.

உக்காரும் வே

பூசணிக்காய் போனது. கோயில்பிள்ளை கன்றைத் தலைக்கு மேல் தூக்கினார். "ரப்பர் கன்னு! நர்சம்மா குடுத்தது! யாரு கேக்கிய?"

நான் கையைத் தூக்கினேன். அக்கா விலாவில் ஒரு குத்து விட்டாள். வலியோடு ஒரு தொகை கேட்டேன். வேறு யாருக்கும் ஆசையில்லை. சேவலுக்காகக் காத்திருந்தார்கள். கோயில்பிள்ளை ஒருதரம், இரண்டுதரம் என்றார்.

முன்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு குரல் என் தொகைக்கு மேல் கேட்டது.

தேவநேசன் சார். என் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான இங்கே வீடு கட்டிக்கொண்டவர். அவருக்குக் கீழே பதினொரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். புது வீட்டுப் போர்ட்டிகோவுக்கு ஒரு பளபளப்பான ரப்பர் செடி வேண்டும் என்று அவர் கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். தொட்டியில் வைக்கிற அந்த அலங்காரச் செடி வேறு, இது வேறு. அதை அந்த நேரத்தில் யார் அவரிடம் சொல்வது?

நான் கூட்டிக் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"யாரது, பால்ராஜா? உக்காரும் வே."

உட்கார்ந்துவிட்டேன். அங்கே நாற்காலி கிடையாது. தரையில், சேவலுக்குப் பக்கத்தில். பதினொரு வருடப் பழக்கம். நான் யோசிப்பதற்கு முன் முழங்கால் மடங்கிவிட்டது. எழுந்து பார்ப்பதற்குள் கோயில்பிள்ளை மூன்றுதரம் சொல்லி முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா பந்தலுக்குள் போனாள். காலி மணல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். தெளிக்கிற பாட்டிலைக் கழுவி மேலே வைத்தாள்.

"சாமுவேலுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிரு. எனக்குச் சொல்ல வராது" என்றாள்.

முப்பது வருடம் நோய்க்கும் சாவுக்கும் நடுவில் வேலை பார்த்தவள், அந்தக் காலிப் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். நான் போன் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை ரப்பர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேவநேசன் சார் வீட்டுக்குப் போனேன்.

எழுதினதை வாசிப்பது

போர்ட்டிகோவில் சிமெண்டுத் தொட்டியில் என் கன்று. இலையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது.

"சார், இது போர்ட்டிகோ செடி இல்ல. பால் வெட்டுத மரம். எழுபதடி போகும்."

அவர் போர்ட்டிகோ கூரையை அண்ணாந்து பார்த்தார். உள்ளே அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"கோயில் ஏலத்துல எடுத்தத திருப்பிக் குடுத்தா ஊருல என்ன சொல்லுவான்? தேவநேசனுக்குச் செடி தெரியலன்னு சொல்லமாட்டானா? கூரைய இடிச்சாலும் இது இங்கனதான் நிக்கும்."

சாமுவேலின் நிபந்தனையைச் சொன்னேன். நூற்று முப்பத்தைந்து சாவுகளைச் சொன்னேன். எவ்வளவு பாடுபட்டோம் என்பதற்குச் சாட்சியாக நோட்டை நீட்டினேன்.

வாங்கினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அடிக்கோல் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து வாசித்தார். வருகைப் பதிவேட்டை அப்படித்தான் வாசிப்பார். எனக்குக் கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டியது. முக்கால் மணி நேரம் கழித்து அடிக்கோல் ஓர் இடத்தில் நின்றது.

"வே, எந்திரிச்சு நில்லும்."

நின்றேன்.

"இதென்ன? 'எண் எண்பத்தொன்று, தகடு கட்டும்போது ஒடிந்தது. எண் வரிசை கெடாதிருக்க, மரத்தின் தூரில் முளைத்திருந்த இளந்துளிர் ஒன்றை வெட்டி அதற்குப் பதிலாக நட்டேன்.' உம்ம கையெழுத்துதானா?"

"ஆமா சார்."

"மத்ததெல்லாம் எங்கன எடுத்தது?"

"உச்சியில சார்."

"உச்சியில எடுத்தது நூத்தி முப்பத்தஞ்சும் செத்துச்சு. தூர்ல எடுத்தது ஒண்ணே ஒண்ணு. அது பிழைச்சுக் கெடக்கு." நோட்டை மூடினார். "எழுதிருக்கீரு. வாசிச்சீரா?"

முப்பத்துநான்கு வருடமாக எழுதுகிறேன். ஒரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்ததில்லை. எழுதி முடித்தால் மூடி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒழுங்கு. கிழட்டு மரத்தின் உச்சிக்கு வேர்விடுகிற தெம்பு இல்லை. அடியில் புதிதாக வெடிக்கிற துளிருக்கு இருக்கிறது. இதை நானே என் கையால் எழுதி வைத்துவிட்டு, இரண்டு மாதமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

"உக்காரும்" என்றார். "காப்பியக் குடியும்."

அங்கிருந்து நேரே அக்காவைக் கூட்டிக்கொண்டு மைதீன் பாய் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றோர மரத்தின் தூர் மொழுக்கென்று இருந்தது. ஒரு துளிர் இல்லை.

"பாய், தூர்ல துளிர் வருமே, அதெல்லாம் எங்க?"

"அத வச்சிருப்பாங்களா? மரத்துச் சத்த உறிஞ்சிருமுல்லா. வாரத்துக்கு ஒருக்கா அருவாளால செதுக்கி எறிஞ்சிருதேன். அந்தா, குப்பையில கெடக்கு."

மூன்று பேரும் போய்க் குப்பையைப் பார்த்தோம். வாடிய ரப்பர் துளிர்கள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. நாங்கள் உச்சிக்கு ஆள் ஏற்றிய நாளிலிருந்து அவர் எறிந்துகொண்டிருந்தவை.

அக்கா குனிந்து ஒரு துளிரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பாய், நீரு அந்த அருவாள எங்கிட்ட குடும்" என்றாள்.

"எதுக்கு நர்சம்மா?" என்று மைதீன் பாய் இரண்டடி பின்னால் போனார்.

"நான் சொல்லுத வரைக்கும் உம்ம கையில இருக்கப்பிடாது."

இருபத்தொன்பது

அரிவாள் அக்கா வீட்டு அலமாரியில் ஆறு மாதம் இருந்தது. துளிர் வரவர வெட்டி, மூன்று தவணையாக ஐம்பத்திரண்டு போத்து நட்டோம். இருபத்தொன்பது வேர்விட்டன. இந்த முறை ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரப் பக்கங்களை அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவள் பாதியில் தூங்கிவிடுவாள். நான் நிறுத்தவில்லை.

அடுத்த சாரல் விழுந்த வாரத்தில் சரிவின் கீழ்ப்பாத்தி முழுக்க அவற்றை நட்டோம். தேவநேசன் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றார். இரண்டு கன்றை மறுபடி பிடுங்கி நட்டோம்.

சாரல் முடிகிற சமயம் சாமுவேல் வந்தான். கையில் ஒரு ஃபைல். அதில் விற்கிற பத்திரம்தான் என்று கேட்காமலே தெரிந்தது. அக்கா அவனைச் சாப்பிடக்கூட விடாமல் சரிவுக்குக் கூட்டிப்போனாள். காற்று பலமாக இருந்தது. இருபத்தொன்பதும் நின்றன. அக்கா ஒவ்வொன்றின் துளிரையும் அவனுக்குத் தொட்டுக் காட்டினாள்.

"ஏம்மா எல்லாத்தையும் கம்பு நட்டுக் கட்டி வச்சிருக்க?"

"போத்துல வந்ததுக்கு ஆணிவேர் கெடையாதுலே. வளந்து பக்கத்து வேர் பிடிக்குத மட்டும் தாங்கல் வேணும்."

அவன் வரிசையோடு நடந்து பார்த்தான். எண்ணினான். அவனும் என் மருமகன்தானே, ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பால் எப்ப மாமா வரும்?"

"ஏழு வருஷம் ஆகும்" என்றேன்.

"ஏழு வருஷமா!" ஃபைலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அம்மா, அப்ப உனக்கு எழுபது வயசு ஆயிரும்மா!"

"ஆமா" என்றாள் அக்கா, ஒரு கன்றின் கட்டை இறுக்கிக்கொண்டே. "வாழை வச்சா பத்து மாசத்துல தாரு வெட்டுனதும் மறுபடி இந்த ஃபைலோட வந்து நிப்ப. அதுக்குத்தாம்லே ரப்பர் வச்சேன்."